தட்டில் வைத்த கார்

“மித்ரா இப்ப வர்றதில்ல சார்” என்றான் சுரேஷ்பாபு.

வெங்கடரமணன் அதைக் காதில் வாங்கவே இல்லை. வெள்ளை நிறம் வேண்டும், ஆவணி பதினெட்டு முகூர்த்தம், அதற்கு ஒரு வாரம் முன்னால் வண்டி கையில் இருக்க வேண்டும், மகள் காஞ்சனா பேரில் எழுதிக்கொள் என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஆறடி உயரம். அறுபத்தாறு வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிறவர். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் ஸ்பானர் பிடித்து, ஹெட் மெக்கானிக்காக ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவன் சொல்வதைவிட இஞ்சின் சொல்வதைக் கேட்டுப் பழகிய காது அவருடையது.

“சார், கொஞ்சம் வினண்டி, கேளுங்க. அந்த மாடலை கம்பெனியே நிறுத்திடுச்சு. தை மாசத்தோட சரி.”

“யாரு நிறுத்தினது?”

“கம்பெனி சார்.”

“எதுக்கு?”

“சின்ன வண்டி இப்ப யாரு சார் கேக்குறாங்க?”

“நான் கேக்குறேனே. என்னைப் பாத்தா ஆளாத் தெரியலியா?”

சுரேஷ்பாபு சிரித்து மழுப்பினான். சித்தூர் ஷோரூமில் அவன்தான் மூத்த விற்பனைக்காரன். கோபப்படுகிற பெரியவர்களைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்ப் பெரிய வண்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டால் கோபம் அடங்கிவிடும் என்பது அவன் அனுபவம். அப்படியே செய்தான். கூடத்தின் நடுவில் கறுப்பாக ஒன்று நின்றது. நெற்றியில் ரிப்பன் கட்டி, புறப்பாட்டுக்கு நிற்கிற யானை மாதிரி.

“லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?”

“பதினெட்டு சார். சர்டிஃபிகேட் இருக்கு.”

“சர்டிஃபிகேட்டுல நீ ஓட்டு. ரோட்டுல எவ்ளோ?”

“பதிமூணு... பதினாலு வரும் சார். ஆனா அந்த நிக்கிற அழகைப் பாருங்க. மேல கண்ணாடி தொறக்கும். வானம் பாக்கலாம்.”

“சத்தியவேடு ரோட்டுல வானத்தப் பாத்துக்கினு போனா, வானத்துக்கேதான் போவணும்.”

பக்கத்து மேசையில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வெங்கடரமணன் சிரிக்கவில்லை. அவர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். சக்கரத்தைப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

“அம்பது கிலோ பொண்ணு. அவ சோத்து மூட்டையும் சேத்தா அம்பத்திரண்டு. அத்த வேலைக்குக் கொண்டுபோயி உட ஒன்னரை டன் இரும்பு எதுக்குய்யா? இரும்ப இழுக்க எண்ணெய் ஊத்துறதா, ஆள இழுக்க ஊத்துறதா?”

“சார், மார்க்கெட்டே இப்ப இப்டித்தான்...”

“மார்க்கெட்டு தானா நடந்து வந்துச்சா? நீங்க ஓட்டிக்கினு வந்தது. சின்னதை செய்யாம உட்டுட்டு, சின்னதை யாரும் வாங்குறதில்லன்னு சொல்றீங்க. இட்டிலி போடாத ஓட்டல்ல எவன்யா இட்டிலி துன்னுவான்?”

அவருக்காக ஊற்றி வைத்த காபியைத் தொடாமல் வெளியே வந்தார். ஆனி மாதக் கடைசி வெயில் முகத்தில் அடித்தது. நகரி பஸ் ஏறி உட்கார்ந்தார். கோபம் மட்டுமல்ல, கவலையும். கார் இல்லையென்றால் வேறு கார் என்று போய்விடுகிற காரியம் இல்லை இது. அந்தக் காரை அவர் தட்டில் வைத்திருந்தார்.

வெங்கடரமணனின் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தின்போது பெண்ணுக்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்று இரு வீட்டாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு அதன் அடையாளத்தை வைப்பார்கள். அண்டா என்றால் ஒரு கரண்டி. நிலம் என்றால் அந்த நிலத்து மண் ஒரு பிடி. மாடு என்றால் மூக்கணாங்கயிறு. தட்டு கை மாறிய பிறகு, வைத்தது குறையவும் கூடாது, கூடவும் கூடாது. குறைந்தால் கொடுத்தவனுக்கு அவமானம். கூடினால் வாங்கினவனை அவமானப்படுத்தியது. நீ கேட்காமலே பயந்து கொடுத்தேன் என்று ஆகிவிடும். மாறிப் போனால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். தட்டு திரும்பினால் சம்பந்தமும் திரும்பியது என்று கணக்கு.

இது வெறும் பேச்சில்லை என்பதற்கு அந்த வீட்டிலேயே சாட்சி உண்டு. அவருடைய அக்கா வெங்கடலட்சுமிக்கு மாப்பிள்ளை வீட்டார் மயிலைக் காளை ஒரு ஜோடி என்று கயிறு வைத்தார்கள். கல்யாணத்துக்கு வந்தது நிறம் மாறி ஒரு மயிலையும் ஒரு செவலையும். வெங்கடரமணனின் அப்பா ஊர் எல்லையிலேயே நின்று இரண்டையும் திருப்பி ஓட்டிவிட்டார். சரியான ஜோடி வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் பந்தல் அப்படியே நின்றது. நகரி முதல் புத்தூர் வரை இன்றைக்கும் ‘காளையைத் திருப்பின வீடு’ என்றால் அது இவர்கள் வீடுதான். அந்தப் பேருக்காகவே வெங்கடரமணன் முதுகு வளைக்காமல் இத்தனை வருஷம் நடந்தார்.

போன வருஷம் வைகாசியில் காஞ்சனாவுக்கு நிச்சயம். ஒரே பெண். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கார் விளக்குகள் செய்கிற ஃபாக்டரியில் தரம் பார்க்கிற வேலை. நகரியிலிருந்து கம்பெனி பஸ் போகும். புத்தூரில் வாழ்க்கைப்பட்டால் அங்கே அந்த பஸ் வராது. போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. மாப்பிள்ளை சாய்குமாருக்குத் திருப்பதியில் மின்சார ஆபீசில் வேலை; அவன் போகிற திசை வேறு. கார் இல்லையென்றால் பெண் வேலையை விட வேண்டும். சம்பந்தி நாகையா எதுவும் கேட்கவில்லை. வெங்கடரமணனே யோசித்து, காஞ்சனா பேரிலேயே ஒரு வண்டி என்று முடிவு செய்தார்.

எந்த வண்டி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. டிப்போவில் அவர்களுக்குச் சாமி, பூதம் எல்லாம் ஒன்றுதான்: கேஎம்பிஎல். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். தினமும் கரும்பலகையில் எழுதுவார்கள். புள்ளி இரண்டு குறைந்தால் டிரைவரும் மெக்கானிக்கும் தலைகுனிந்து நிற்பார்கள். வெங்கடரமணன் ஹெட் மெக்கானிக்காக இருந்த ஒன்பது வருஷத்தில் ஏழு முறை கேடயம் அவர்கள் டிப்போவுக்கு வந்தது. அவரைப் பொறுத்தவரை எண்ணெயை வீணாகக் குடிக்கிற வண்டியும், வேலை செய்யாமல் சோறு தின்கிற மனுஷனும் ஒன்று. மித்ரா நம் நாட்டுக் கம்பெனி செய்த வண்டி. சின்னது. இருபத்து நாலு கொடுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, “நம்மாளு செஞ்சிருக்கான்யா!” என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த வண்டியின் படம் போட்ட புத்தகத்தைத்தான் மஞ்சள் தடவித் தட்டில் வைத்தார். சபையில் நாற்பது பேர் பார்த்தார்கள்.

அடுத்த மாதமே நாகையாவின் தகப்பனார் தவறிப்போனார். ஒரு வருஷம் கல்யாணம் கூடாது. வண்டியை அப்போதே எடுத்துவிடலாம் என்று மனைவி கிருஷ்ணம்மா சொன்னாள். அவர் கேட்கவில்லை. “ஓடாம நிக்கிற வண்டி செத்த வண்டி. பாட்டரி போவும், டயரு சப்பையாவும், பானெட்டுக்குள்ள எலி கூடு கட்டும். கல்யாணத்துக்கு மின்ன எடுத்தா போதும்” என்றார். மெக்கானிக்கின் புத்தி. அது வண்டிக்குச் சரி. வண்டி செய்கிறவனையும் நம்பியதுதான் தப்பு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கிருஷ்ணம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“நான் அன்னிக்கே சொன்னேன்.”

“சொன்ன. இப்ப மறுபடியும் சொல்லாத.”

“மறுபடி சொல்லல. நெனச்சுக்கினேன்.”

காஞ்சனா வேலையிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். “இதுக்கு போயி ஏன் நைனா கத்துற? வெளிநாட்டுக் கம்பெனி வண்டி சின்னதா இருக்குதே. எங்க லைன்லதான் அதுக்கு லைட்டு செய்றோம். நானே பாத்து பாஸ் பண்றேன். அத்த வாங்கு.”

“தட்டுல வெச்சது அதுவா?”

“இல்ல.”

“அப்ப வாய மூடு.”

“உனக்குத் தட்டுதான் முக்கியம். நான் போற ரோடு முக்கியமில்ல.”

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். ஆனால் அந்த வார்த்தை முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

மறுநாள் திருப்பதி போனார். ரேணிகுண்டா சாலையில் இருக்கிற ஷோரூம்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். மித்ராவின் கம்பெனிக்கு அங்கேயும் ஒரு ஷோரூம், அதே பதில். இன்னொரு நம் நாட்டுக் கம்பெனி. அங்கே இருந்ததிலேயே சின்ன வண்டி அவருடைய மாட்டுக்கொட்டகையில் நுழையாது. விற்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடு. உயரம், கம்பீரம், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எண்ணெய் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கியது. சாலைக்கு எதிர்ப்பக்கத்தில், ஏழு கடல் தாண்டி வந்தவன் சின்னச் சின்ன வண்டிகளாக வரிசை கட்டி நிறுத்தியிருந்தான். அங்கே சாவி வாங்கக் கூட்டம் நின்றது. வெங்கடரமணன் நடுச்சாலையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். நம் ஊர் ரோடு எவ்வளவு அகலம் என்று அவனுக்குத் தெரிகிறது. நம் ஜனத்தின் பை எவ்வளவு ஆழம் என்று அவனுக்குத் தெரிகிறது. இங்கேயே பிறந்து இந்தத் தெருவிலேயே சோறு தின்று வளர்ந்தவனுக்குத் தெரியவில்லையா? பெட்ரோல் எட்டு ரூபாய் குறைகிறது என்று நகரி தாண்டித் தமிழ்நாட்டு எல்லை பங்க்கில் ஜனம் வரிசையில் நிற்கிறதே, அதை ஒரு நாள் வந்து பார்த்தானா?

நாலாம் நாள் சுரேஷ்பாபுவே போன் செய்தான்.

“சார், உங்க அதிர்ஷ்டம். திருப்பதி யார்டுல ஒரே ஒரு மித்ரா இருக்கு. வெள்ளை. புது பீஸ்.”

வெங்கடரமணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கிருஷ்ணம்மா பூஜையறையில் விளக்கேற்றினாள்.

ஊருக்கு வெளியே தகரம் வேய்ந்த யார்டில் வண்டி நின்றது. சீட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை. கிலோமீட்டர் காட்டுகிற இடத்தில் நாற்பத்தொன்று என்று இருந்தது. வாசனைகூடப் புதுசு வாசனைதான். சுரேஷ்பாபு சித்தூரிலிருந்து அதற்காகவே வந்திருந்தான்.

வெங்கடரமணன் கதவைத் திறந்து உட்காரவில்லை. கீழே குந்தினார். பிரேக் மிதிக்கிற ரப்பரைக் கட்டை விரலால் தடவினார். வலது ஓரம் மழுங்கியிருந்தது. எழுந்து முன்பக்கம் வந்து பானெட்டைத் தூக்கினார். இரண்டு போல்ட்டின் தலையில் ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. டயரைப் பார்த்தார். நாலும் புதுசு. ஆனால் பின்னால் இருக்கிற ஸ்டெப்னியில் போட்டிருந்த வருஷமும் இந்த நாலில் போட்டிருந்த வருஷமும் வேறு.

“இது எத்தினி பேரு ஓட்டின வண்டி?”

“சார், புதுசு...”

“யோவ். என் கண்ணைப் பாத்து சொல்லு. நாப்பத்தொரு கிலோமீட்டர்ல பிரேக் ரப்பர் தேயுமா? உன் செருப்பு தேயுமா நாப்பத்தொரு அடியில?”

சுரேஷ்பாபு அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “டெமோ வண்டி சார். வர்றவங்களுக்கு ஓட்டிக் காட்டினது. மீட்டரை... சரி பண்ணியிருக்கோம். யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மித்ரா வேணும். எங்ககிட்ட மித்ரா இருக்கு. கல்யாணப் பந்தல்ல யாரு சார் ரப்பரைத் தடவிப் பாக்கப் போறாங்க?”

உண்மைதான். யாரும் பார்க்க மாட்டார்கள். மாங்காய் வியாபாரி நாகையாவுக்கு மாங்காய் பார்க்கத் தெரியும். பிரேக் ரப்பர் தெரியாது. வாங்கிக்கொண்டு போனால் தட்டு நிற்கும், வீட்டின் பேர் நிற்கும், பெண் வேலைக்குப் போவாள். வெங்கடரமணன் ஒரு நிமிஷம் பானெட்டின் மேல் கை வைத்தபடி அசையாமல் நின்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிற்பாடு அவர் தன்னையே பலமுறை திட்டிக்கொண்டார்.

“இத்தப் பழசுன்னு சொல்லி வித்திருந்தா உன்னை மனுஷன்னு நெனச்சிருப்பேன்” என்றார். பானெட்டை அறைந்து மூடினார். யார்டில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். “செய்யத் தெரிஞ்சதை நிறுத்துறான் ஒருத்தன். ஓட்டித் தேஞ்சதைப் புதுசுன்றான் இன்னொருத்தன். ரெண்டு பேரும் ஒரே போர்டுக்குக் கீழ! ஏமாத்துறதுக்கு என் பொண்ணு கல்யாணம்தான் கெடச்சுதா?”

“சார், மெதுவா...”

“ஏன் மெதுவா? நாலு பேரு திரும்பிப் பாப்பாங்கன்னுதான வண்டி விக்கிறீங்க? பாக்கட்டும்!”

அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஆடி பிறந்து மூன்றாம் நாள், கிருஷ்ணம்மாவைக் கூட்டிக்கொண்டு புத்தூருக்குப் புறப்பட்டார். எதற்கு என்று அவள் கேட்டாள். “சொல்லிட்டு வர” என்றார்.

நாகையா மாங்காய் மண்டிக்காரர். சிரித்த முகம். வீடு நிறைய ஆட்கள். நிச்சயத்தில் இருந்த பெரியவர்கள் நாலைந்து பேரையும் வரச் சொல்லும்படி வெங்கடரமணன் போனிலேயே கேட்டிருந்ததால் அவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாகையாவின் அக்கா செங்கம்மா, எழுபத்தைந்து வயசு, கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவளுடையது என்று ஊருக்கே தெரியும்.

“நாங்க வெச்ச தட்டைக் கொண்டாங்க சம்மந்தி.”

தட்டு வந்தது. வெற்றிலை சருகாகியிருந்தது. புத்தகத்தின் மேல் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. வெள்ளை மித்ரா அதே சிரிப்போடு இருந்தது.

வெங்கடரமணன் உட்காரவில்லை. “நான் வெச்ச வார்த்த நிக்கல. இந்த வண்டிய செய்றவன் நிறுத்திட்டான். அவன் மேல பழியப் போட்டுட்டுப் போவலாம். ஆனா தட்டுல கை வெச்சது அவனில்ல, நானு.”

நாகையா வாய்விட்டுச் சிரித்தார். “அட, இதுக்கா இத்தினி பேரு? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன். சின்னது இல்லன்னா பெருசு எடுத்துட்டுப் போறது. நாங்க இன்னா வேணாம்னா சொல்லப் போறோம்?”

உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

“கூடவும் கூடாது சம்மந்தி, கொறயவும் கூடாது.”

“கூட வந்தா யாருக்கு வலிக்கும்?”

“எம் பொண்ணுக்கு வலிக்கும். தெனம் நூறு கிலோமீட்டரு. அவ சம்பளத்துல பாதிய அந்த யானை துன்னும். உங்க தெருவுல அத்தத் திருப்ப முடியுமா? பால்காரன் சைக்கிளே ஒதுங்கித்தான் போறான். ஊரு பாத்து மெச்சணும்னு வண்டியக் குடுத்து, பொண்ண பங்க்குல கொண்டுபோயி அடகு வெக்க சொல்றீங்களா? அவன் செய்யமாட்டேன்னா நான் என் வார்த்தைய ஒன்னரை டன்னுக்கு ஊத வெக்கணுமா? முடியாது.”

சிரிப்பு நின்றது. நாகையாவின் முகம் சுருங்கியது. “இன்னாங்க, நாங்க கேட்டாப்புல பேசுறீங்க?”

“நீங்க கேக்கல. அதான் எனக்கு இன்னும் கேவலம்.”

அப்போது செங்கம்மா வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுத் திரும்பினாள். “காளைய எல்லையிலயே திருப்பின வூடுதானே இது? ஒரு மாடு செவலையா வந்துச்சுன்னு மூணு நாளு பந்தல்ல சோத்த ஆற வெச்ச ஆளுங்க. இப்ப இன்னாப்பா, உம் பொண்ணை எல்லையில நிக்க வெக்கப் போறியா?”

கிருஷ்ணம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெங்கடரமணனின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

“அக்கா, அந்தக் காளைக்கு இன்னா நாயமோ, அதே நாயம்தான் எனக்கும். வேற நாயம் கேக்க நான் வரல.” அவர் குரல் தடித்தது. “தட்டைத் திருப்பிக் குடுங்க.”

தட்டின் ஒரு விளிம்பில் அவர் கை. நாகையா எழுந்து நின்றுவிட்டார். உள்ளறைக் கதவருகே மாப்பிள்ளை சாய்குமார் வெளிறிப்போய் நின்றான். இன்னும் ஒரு கணம் போயிருந்தால் தட்டு கை மாறியிருக்கும்.

“உட்ரா அதை!” என்றாள் செங்கம்மா. அறுபத்தாறு வயசு மனுஷனை ‘டா’ போட அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் வயசு இருந்தது. “நான் ஒண்ணு கேக்குறேன். உங்கப்பன் திருப்பி ஓட்டின காளைங்க, கடையில பொட்டி பிரிச்சு எடுத்ததா?”

“இன்னாக்கா கேக்குற?”

“பதில் சொல்லு. எப்டி வாங்குனாங்க?”

“சந்தையிலதான். பல்லு பாத்து.”

“நாலு பல்லா ஆறு பல்லான்னு பாத்து, நாலு எட்டு நடக்க உட்டு, நொண்டுதான்னு பாத்து வாங்குனாங்க. அது மின்ன எவன் ஏரு ஓட்டுன மாடு, எவன் வண்டி இழுத்த மாடுன்னு உங்கப்பன் கேட்டாரா? நெறந்தானே கேட்டாரு? சீர்ல பழைய துணி ஆவாது. பழைய நகை ஆவும், பழைய அண்டா ஆவும், பல்லு பாத்த மாடு ஆவும். காலு மொளச்சு ஓடுறது எல்லாம் பல்லு பாத்துதான். காரு மட்டும் இன்னா ஆகாசத்துல இருந்து குதிச்சுதா? மித்ராவோ சித்ராவோ, ஓடிக்கினு இருக்கற ஒண்ண பல்லு பாத்து வாங்கிக்கினு வா. முப்பது வருசம் பழைய பஸ்ஸுக்கெல்லாம் உசிரு குடுத்தவன்னு பேரு. புத்தி மட்டும் கண்ணாடிக் கடைக்குள்ளயே நிக்குது.”

சாய்குமார்தான் முதலில் சிரித்தான். பயத்தில் வந்த சிரிப்பு. பிறகு நாகையா. வெங்கடரமணன் சிரிக்கவில்லை. விளிம்பில் இருந்த கையை மெதுவாக எடுத்தார். அவருக்குக் காது சூடாகியிருந்தது. “சரிக்கா” என்றார். அந்த ஒரு சொல் அவருடைய வாழ்நாளில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கிருஷ்ணம்மாவுக்குத் தெரியும்.

வண்டியைக் காஞ்சனா கண்டுபிடித்தாள். அவள் லைனில் வேலை செய்கிற பத்மினி, வரதய்யபாளையத்துக்காரி. நாலு வருஷம் ஓட்டிய வெள்ளை மித்ரா வைத்திருந்தாள். அவள் புருஷன் பெரிய வண்டி எடுத்துவிட்டானாம். சின்னது வாசலில் வெயிலில் நிற்கிறதாம். வெங்கடரமணன் போய் இரண்டு நாள் அதற்குப் பல் பார்த்தார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்து மோந்தார். சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தார். பத்மினியின் மாமியார், “பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ பாக்கலியே” என்றாள்.

“பொண்ணு வாய் தொறந்து சொல்லும். இது சொல்லாது” என்றார்.

மூன்றாம் நாள் மைலேஜ் பார்த்தார், டிப்போ முறையில். எல்லை பங்க்கில் டாங்க்கின் கழுத்து வரை நிரப்பி, வண்டியைக் குலுக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி நிரப்பினார். சக்கரம் நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். பங்க்காரன் தலையைச் சொறிந்தான். காஞ்சனா ஓட்டினாள், அவர் பக்கத்தில். நகரி, புத்தூர், திருப்பதி பைபாஸ் வரை போய்த் திரும்பினார்கள். வழியில் புத்தூரில், நாகையா தெருவுக்குள்ளும் ஒரு முறை போய் வரலாம் என்றாள் காஞ்சனா. தெருமுனையில், ஷோரூமில் பார்த்த மாதிரி ஒரு கறுப்பு மலை வழியடைத்து நின்றது. உள்ளே ஒரே ஒரு ஆள். திருப்பவும் முடியாமல் பின்னால் போகவும் முடியாமல் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான். காஞ்சனா ஸ்டியரிங்கை ஒடித்து, சுவருக்கும் அதற்கும் நடுவில் நழுவிப் போனாள். அவர் கண்ணாடியை இறக்கி, “மேல தொறந்து வானத்தப் பாரு தம்பி, நேரம் போவும்!” என்று கத்தினார்.

“நைனா!” என்று காஞ்சனா அதட்டினாள். ஆனால் சிரித்தாள்.

எல்லை பங்க்குக்கு வந்து, அதே கோட்டில் சக்கரத்தை நிறுத்தி, அதே பம்ப்பில் கழுத்து வரை நிரப்பினார்கள். வெங்கடரமணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதி வகுத்தார். ஒரு முறை வகுத்து, அழித்து, மறுபடி வகுத்தார்.

“எவ்ளோ நைனா?”

“இருவத்திரண்டு புள்ளி ஒன்பது.”

“அப்ப சரியாப் போச்சு. ஆவணி பொறந்ததும் எடுத்துடலாம்.” அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டு நின்றுவிட்டது, வீட்டின் பேர் நின்றுவிட்டது. அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. சித்தூர் ஷோரூமிலிருந்து வெளியே வந்தபோது இருந்ததைவிட அதிகமாகச் சிவந்திருந்தது. “இப்ப இன்னா கோவம்?”

“நாலு வருசம் ஓடின வண்டி. ரோடு பூரா பள்ளம், ஏசி போட்டுக்கினு, ரெண்டு ஆளு. அப்பவும் இருவத்திரண்டு புள்ளி ஒன்பது.” உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். மையில் எழுதிய எண் வியர்வையில் கசியத் தொடங்கியிருந்தது. “செய்யத் தெரியாதவன் செய்யலன்னா நான் ஏன் கேக்கப்போறேன்? பாவம், தெரியலன்னு உட்டுடுவேன். இவனுங்களுக்குத் தெரியும்டி. இவ்ளோ நல்லாத் தெரியும். தெரிஞ்சே நிறுத்திட்டானுங்க.”

பின்னால் வரிசையில் நின்றவன் ஹாரன் அடித்தான். வெங்கடரமணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், வண்டியின் சூடான பானெட்டின் மேல் அந்தக் கையை வைத்தார்.